கால் நனைத்தால் கிட்னி தெரியும்

சனிக்கிழமை காலையில் திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், அன்றைக்கு உருளிச் சாமிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். சாமிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அம்பாசமுத்திரத்தில் நன்றாகப் படித்த டாக்டராகப் பார்த்துப் போய்விடுவார். அதை அவர் பக்தர்களிடம் சொல்வதில்லை.

மற்ற சனிக்கிழமைகளில் பஸ் முழுக்கக் கால்கள்தான். செருப்புக்குள் நுழைய மறுக்கிற கால்கள். கொலுசைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்ட கால்கள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி அப்படியே நிற்கிற கால்கள். இந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பெரிய ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பார்கள். தாண்டி வந்தார்கள் என்பதுதான் விசேஷம்.

விக்கிரமசிங்கபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றை ஒட்டி ஒரு பழைய குடோன். ஒரு காலத்தில் பஞ்சு மூட்டைகளை அடுக்கிய இடம். இப்போது பக்தர்களை அடுக்குகிறார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர்: 'கால் நனைத்தால் கிட்னி தெரியும்.' யூடியூபில் போட்டிருக்கிறார்கள், வாட்ஸப்பில் சுற்றுகிறது, சிங்கப்பூரிலிருந்துகூட ஒருவர் வந்து போனாராம். வந்து போனவரை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உள்ளே முறை ரொம்ப எளிமை. சாமியின் ஆசனத்துக்குக் கீழே இரண்டு வெண்கல உருளி. கல்யாண வீட்டில் பாயசம் காய்ச்சுவோமே, அந்த உருளிதான். இரண்டிலும் தண்ணீர். இடது காலை இடது உருளியில் வை, வலது காலை வலது உருளியில் வை. இடது உருளி இடது கிட்னி, வலது உருளி வலது கிட்னி. விஷயம் இத்தனை சுலபம் என்று தெரியாமல் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வருஷக்கணக்காகத் தூக்கம் கெட்டுப் போகிறார்கள், பாவம்.

கால் வைத்ததும் சீடன் ஒருவன் நீளமான அகப்பையால் 'மருந்துத் திருநீறு' என்று ஒரு சாம்பலை மேலே இருந்து தூவுவான். காலைத் தொட மாட்டான். வியாதிக்காரன் காலைத் தொட்டால் சக்தி வடிந்துவிடும் என்பது சாமி வாக்கு. வியாதிக்காரன் கொடுக்கிற காணிக்கையைத் தொட்டால் வடிவதில்லை. சாமி கண்ணை மூடி ஒரு உறுமல் உறுமுவார். அவ்வளவுதான், காலைச் சுற்றித் தண்ணீர் கறுக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மசி மாதிரி ஆகிவிடும்.

"கெட்ட நீர் இறங்குகிறது!" என்பார் சாமி. கூட்டம் "சாமீ!" என்று கும்பிடும். கிட்னி இரண்டும் உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்பது யாருக்கும் கேட்காது.

இந்தக் கும்பலில் பாபநாசம் பிள்ளை போய் விழுந்ததுதான் பாளையங்கோட்டையில் அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஓய்வு பெற்ற சார்பதிவாளர். சைவக் குடும்பம். காய்கறிக்காரியிடம்கூடத் தராசைத் திருப்பிக் காட்டச் சொல்கிறவர். அப்படிப்பட்டவர் எப்படி ஏமாந்தார் என்று கேட்டார்கள். அவர் ஏமாறாமல் இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

பத்திரப் பதிவு ஆபீசில் நடைமுறை என்ன? விற்கிறவன் வந்திருக்கிறானா, வாங்குகிறவன் வந்திருக்கிறானா, 'ஆமாம், இவன்தான் அவன்' என்று சொல்ல இரண்டு சாட்சி நிற்கிறதா? நின்றால் முத்திரையைக் குத்த வேண்டியதுதான். நிலம் தரையில் இருக்கிறதா, ஆற்றுக்குள் கிடக்கிறதா என்று போய்ப் பார்ப்பது அந்த நாற்காலியின் வேலை இல்லை. பிள்ளை தம் காலம் முழுக்க அந்த நாற்காலியில் இருந்தவர். அவர் பதிந்து கொடுத்த மனை ஒன்று ஒரு குளத்தின் நட்ட நடுவில் இருந்ததாகப் பேச்சு உண்டு. ஆனால் சாட்சிகள் இரண்டு பேரும் அருமையான சாட்சிகள்.

ஆக, உருளிச் சாமியிடம் முதல் தடவை போனபோதும் அவர் உருளியைப் பார்க்கவில்லை. சாட்சி இருக்கிறதா என்றுதான் பார்த்தார். இருந்தது. களக்காட்டு விவசாயி ஒருவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். "எனக்குச் சரியாப் போச்சு சார்", "எனக்கும்தான் சார்" என்றார்கள். பிள்ளை மனசுக்குள் முத்திரையைக் குத்திவிட்டார்.

உடம்பில் தொந்தரவு தொடங்கியதை முதலில் பார்த்தது அவர் மனைவி நீலாம்பாள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பிள்ளைக்குப் பழைய சொந்தக்காரர்கள். முட்டிவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரைகளுக்குக் கணக்கில்லை. அவை எல்லாம் சேர்ந்து உள்ளே வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தன. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே பை கட்டிக்கொண்டு முகம் உப்பியிருக்கும். கல்யாண வீட்டில் பார்த்த சொந்தக்காரர்கள், "அத்தானுக்கு ரிட்டயர்மென்டு நல்லா ஒத்துக்கிட்டு! முகம் என்னமாப் பூரிச்சிருக்கு!" என்று கொண்டாடினார்கள். சாயங்காலமானால் அந்தப் பூரிப்பு இறங்கிக் கணுக்காலில் உட்காரும்.

"ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி கணக்கா நுரைச்சுக்கிட்டு நிக்குன்னு நீங்கதானே சொன்னிய?" என்றாள் நீலாம்பாள். "ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

"ரத்தத்தை எடுத்தா கொறயத்தான செய்யும்" என்றார் பிள்ளை. "சாமிகிட்ட கேட்டுட்டேன். நுரை நல்லதாம்."

சாமியிடம் எதைக் கேட்டாலும் நல்லதாகத்தான் இருக்கும். முகம் உப்பியதா? அருள் பூரிக்கிறது. சிறுநீர் நுரைக்கிறதா? உள்ளிருக்கும் நஞ்சு நுரை தள்ளி ஓடுகிறது. உடம்பெல்லாம் அரிக்கிறதா? நாடிகள் திறக்கின்றன. நீலாம்பாள் தேங்காய்ப்பால் பிழிந்து வைத்த சொதி வாயில் இரும்பு மாதிரி இருந்தது. உமட்டிக்கொண்டு வந்தது. ருசி அற்றுப்போவது துறவின் முதல் படி என்றார் சாமி. பட்டப்பகலில் பேப்பர் படித்தபடியே தூங்கி விழுந்தார். யோக நித்திரை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினார். முதுகு தரையில் படாமல் உறங்குவது ரிஷிகளின் லட்சணம்! இப்படியே போய், சிறுநீர் வருவதே குறைந்தபோது, "உள் அக்கினி வற்றவைக்கிறது" என்று சாமி தாமே எழுந்து நின்று கும்பிட்டார். கிட்னி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க, பிள்ளை ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

பத்தியமும் உண்டு. இங்கிலீஷ் மாத்திரை எதையும் தொடக் கூடாது. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் பரணுக்குப் போய்விட்டன. தினம் காலையிலும் மத்தியானமும் இளநீர், சாயங்காலம் வாழைத்தண்டுச் சாறு, படுக்கும் முன் சாமி கொடுக்கிற பஸ்பம். நல்ல உடம்புக்காரன் இளநீர் குடித்தால் குளிர்ச்சி. கிட்னி வேலைநிறுத்தம் செய்கிறவனுக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேரும். சேர்ந்தால் இருதயத்தையே நிறுத்தும். பார்க்க வெள்ளையாக, வழுக்கையோடு, சாதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வாரம் உருளியில் கறுப்பு கொஞ்சம் வெளிறியது. பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. சீடன் அன்றைக்கு அகப்பையில் பாதிதான் அள்ளினான் என்பதை அவர் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரே சாட்சி. சாமி அவருக்கென்று வாசலில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, 'சார்பதிவாளர், ஓய்வு' என்ற பட்டம். சந்தேகத்தோடு வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் சந்தேகத்தைச் செருப்போடு வெளியே விட்டார்கள்.

மேலப்பாளையத்திலிருந்து ஷம்ஸியா என்ற பெண் புருஷனைக் கூட்டி வந்தாள். அகமது மீரான் வெளிநாட்டில் உழைத்துவிட்டு இரண்டு கிட்னியையும் இழந்து ஊர் திரும்பியவர். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். சாமி மதம் பார்ப்பதில்லை, வீக்கம் மட்டும்தான் பார்ப்பார்.

"சார், நீங்க படிச்சவுக. நெசமாவே டயாலிசிஸ் வேண்டாமா சார்?" என்று ஷம்ஸியா கேட்டாள்.

"எனக்குக் கறுப்பு கொறஞ்சிருக்கும்மா. இந்தக் கண்ணால பாத்தேன்" என்றார் பிள்ளை. "நான் சொல்லுதேன்ல."

அவள் நம்பிவிட்டாள். மீரான் அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

வேதநாயகம் பிள்ளையின் பழைய சிநேகிதர். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர். எதையும் நம்பாமல் நாலு கேள்வி கேட்பது அந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் ஊர் திரும்பியதும் பிள்ளையைப் பார்க்க வந்தார். பார்த்ததும் திக்கென்றது. பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தார்.

"இங்கன பாரும்வே. என் விரல் அப்பிடியே உம்ம காலில பதிஞ்சு கெடக்கு. உம்ம ஆபீசுலகூட இம்புட்டுச் சுத்தமா ரேகை விழுந்திருக்காது."

"சாமி பாத்துக்கிடுவாரு."

"வாயில நாத்தம் அடிக்கு. மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்திருக்கு. நாலு படி ஏறுனா மூச்சு வாங்குதீரு. இது கிட்னிவே! ரத்தத்தைக் குடுத்தா சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிரும்."

"தண்ணி கறுக்கத நான் பாத்தேன். நூறு பேரு பாத்தாவ. சாட்சி இருக்குவே, சாட்சி!" என்று பிள்ளை கத்தினார். கத்தியதில் இருமல் வந்து, இருமலில் மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சமையல் கட்டு வாசலில் நின்ற நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த மனுஷன் தன் கண் முன்னாலேயே செத்துக்கொண்டிருக்கிறான், அதையும் பெருமையாகச் செய்கிறான்!

வேதநாயகம் தம் வலது முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"சரிவே. சாட்சிதான வேணும்? இந்தச் சனிக்கிழமை நானும் வாரேன். நானும் காலை நனைக்கேன்."

பிள்ளைக்கு ஏகச் சந்தோஷம். வேதநாயகத்தின் வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் என்பது அவருக்கும் தெரிந்த விஷயம்தான். பைக் விபத்தில் போன கால். மதுரையில் அளவு கொடுத்து வாங்கும்போது கூடப் போனவரே அவர்தான். ஐந்து விரல், நகம், குதிகால் எல்லாம் வைத்து ரப்பரில் அருமையாக வார்த்த பாதம். ஆனால் வருஷக்கணக்காகப் பேன்ட்டும் ஷூவுமாகவே பார்த்துப் பழகிவிட்டதால் பிள்ளைக்கு அது மறந்தே போயிருந்தது. வேதநாயகத்துக்கு மறக்கவில்லை.

சனிக்கிழமை வேதநாயகம் தமது காரிலேயே பிள்ளையையும் நீலாம்பாளையும் கூட்டிப் போனார். அன்றைக்கு அவர் கரை போட்ட வேட்டியில் இருந்தார், கணுக்காலை மூடித் தரையைத் தொடும் வேட்டி. பிள்ளை பெரிய மனுஷர் என்பதால் டோக்கன் முன்னதாகவே கிடைத்தது. குடோனுக்குள் மின்விளக்கு கிடையாது. மின்சாரம் தெய்வீக அலைகளைக் கெடுக்குமாம். இரண்டு குத்துவிளக்கு, நிறையச் சாம்பிராணிப் புகை. சாமியின் செல்போன் மட்டும் ஆசனத்துக்குப் பின்னால் சார்ஜில் கிடந்தது.

வேதநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்து, வேட்டியைக் கணுக்கால் தெரிகிற அளவுக்கு மட்டும் தூக்கி, இரண்டு பாதத்தையும் இரண்டு உருளிகளில் வைத்தார். பிள்ளையும் நீலாம்பாளும் பக்கத்தில் நின்றார்கள். சுவரோரம் ஷம்ஸியா, அவள் தோளில் சாய்ந்தபடி மீரான். மீரானுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் சாம்பிராணிப் புகையைத் தாண்டிக் கேட்டது.

சீடன் திருநீறைத் தூவினான். புது ஆள், காரில் வந்தவர், பழைய சாட்சியின் சிநேகிதர். அகப்பை நிறையவே அள்ளினான். சாமி உறுமினார். இடது உருளி கறுத்தது. வலது உருளி அதைவிட மோசமாகக் கறுத்தது.

"பாத்தீரா? பாத்தீரா வே?" பிள்ளை வேதநாயகத்தின் தோளை உலுக்கினார். தாம் ஜெயித்த சந்தோஷத்தில், சிநேகிதனுக்கும் கிட்னி போய்விட்டதே என்ற கவலைகூட அவருக்கு வரவில்லை.

சாமி குனிந்து வலது உருளியைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "மகனே, இடது பக்கம் பரவாயில்லை. வலது பக்கம் பத்து வருஷத்து நஞ்சு. இந்தக் காலில் வலி உண்டா?"

"வலியே தெரிய மாட்டேங்கு சாமி."

"அதுதான் ஆபத்து! உணர்ச்சி செத்துவிட்டது. அரிப்பு?"

"கிடையாது சாமி."

"நரம்பு அடைபட்டுவிட்டது. கிட்னி காலுக்குள் இறங்கிவிட்டது. இரவில் இந்தக் கால் குடையுமே? தூங்கவிடாதே?"

"ராத்திரி கழட்டி வச்சிருதேன் சாமி."

சாமி தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

வேதநாயகம் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். வாரை அவிழ்த்தார். ஒரு இழுப்பு. வலது கால் கையோடு வந்தது. ஐந்து விரலிலிருந்தும் கறுப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"மதுரையில வாங்கினது. ரப்பர். இதுக்குப் பத்து வருஷத்து நஞ்சாம். வாங்கி அம்புட்டு நாள்கூட ஆகலய்யா!"

முன்வரிசையில் ஒரு பெண் வீல் என்று கத்தினாள். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பொய்க்காலா? பொய்க்காலுக்கா கறுத்துச்சு?" என்று குடோன் முழுக்க ஒரே இரைச்சல்.

பிள்ளைக்கு அந்தக் காலைப் பார்த்ததும் மதுரைக் கடை ஞாபகம் வந்தது.

"பிள்ளைவாள்" என்று வேதநாயகம் ஒற்றைக்காலில் நின்றபடி கேட்டார். "இது என்ன காலுன்னு நீரு சொல்லும். இந்த ஊரு உம்ம சாட்சியைத்தான நம்பி வருது?"

எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். சாமியும் பார்த்தார், கெஞ்சுகிற மாதிரி. பார்க்காதது மாதிரி பிள்ளை தரையையே பார்த்தார். சொன்னால் இத்தனை மாசம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் பொய். சொல்லாவிட்டால், சுவரோரம் அந்த மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஷம்ஸியா வாயைத் திறந்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பர்தான்" என்றார் பிள்ளை. கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னார். "ரப்பர்க் கால்தான். நான்தான் கூடப் போயி வாங்கிக் குடுத்தேன்."

இத்தோடு கதை முடிந்திருக்கும், சாமி லேசுப்பட்ட ஆளாக இருந்திருந்தால். அவர் இரண்டு கையையும் உயர்த்தினார்.

"அமைதி! அமைதி! ரப்பராக இருந்தால் என்ன? வருஷக்கணக்காக இவர் உடம்போடு ஒட்டிக் கிடந்த கால். இவர் நஞ்சு அதில் ஊறாமல் என்ன செய்யும்? ரப்பரிலிருந்தே நஞ்சை இறக்கினேனே, அதல்லவா அற்புதம்!"

நம்ப மாட்டீர்கள். கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆடின. "அதுவும் வாஸ்தவம்தான்" என்றது ஒரு குரல். "பொய்க்கால்லயே இறக்கிட்டாரே!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னும் ஐந்து நிமிஷம் விட்டிருந்தால் 'செயற்கைக் கால்களுக்கும் சிகிச்சை உண்டு' என்று புது பேனர் வந்திருக்கும்.

நீலாம்பாள் விடவில்லை. அடுத்த ஆளுக்காகச் சுவரோரம் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த இன்னொரு உருளி இருந்தது. யாருடைய காலும் படாத உருளி. சீடன் கையிலிருந்த அகப்பையை வெடுக்கென்று பிடுங்கினாள். அதில் மிச்சம் இருந்த திருநீறை அப்படியே அந்தத் தண்ணீரில் கொட்டினாள். உறுமல் இல்லை, மந்திரம் இல்லை. தண்ணீர் கறுத்தது.

"இப்ப சொல்லும்" என்றாள். இத்தனை மாசம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் குரலில் நடுங்கியது. "இந்த உருளிக்கும் கிட்னி போச்சாவே?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு இருவர். அப்புறம் குடோனே சிரித்தது. இத்தனை நாள் கும்பிட்டவர்கள் சிரிப்பதைப் பார்த்ததும் சாமிக்கு வேதபாஷை கைவிட்டுப் போய்விட்டது.

"ஏலே மூதி! எவனைப் பாத்தாலும் உள்ள விட்டுருவியால நீ?" என்று சீடனைப் பார்த்துச் சுத்தமான நெல்லைத் தமிழில் கத்தினார். சீடன் பின்வாசல் வழியாக ஓடி அதற்குள் ஆற்று மணலில் இறங்கியிருந்தான்.

திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். கடுக்காய் ஊற வைத்த அண்டா ஒன்று, அன்னபேதி என்கிற இரும்பு உப்பு மூட்டை ஒன்று. இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். உருளியில் கடுக்காய்த் தண்ணீர், திருநீறில் அன்னபேதித் தூள். இரண்டும் சேர்ந்தால் கறுப்பு மசி. அந்தக் காலத்தில் எழுதுகிற மை காய்ச்சியதே இப்படித்தான். அதை வைத்து நம் ஆள் கிட்னியின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

யாரோ போன் செய்து போலீஸ் வந்தபோதுதான் சாமியின் பெயர் மணிராஜ் என்று தெரிந்தது. முன்பு வீடு வீடாகப் போய் தண்ணீர் ஃபில்டர் விற்றவர். குழாய்த் தண்ணீரில் ஏதோ மருந்தைப் போட்டுக் கலங்க வைத்து, "பாத்தீங்களாக்கா, இதைத்தான் குடிக்கிறீங்க" என்று பயமுறுத்துவதுதான் அப்போதைய தொழில். தண்ணீரை விட்டு மனுஷனுக்கு மாறிக்கொண்டார், வித்தை அதேதான். "நான் யாரையும் கையைப் பிடிச்சு இழுக்கல சார். அவங்களாத்தான் வந்தாங்க" என்று அவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். வாசலில் அப்போதும் இரண்டு பேர், "இந்த டோக்கன் அடுத்த வாரத்துக்குச் செல்லுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் வரும் வரை காத்திருக்காமல், வேதநாயகம் காலை மாட்டிக்கொண்டு காரை எடுத்திருந்தார். பின் ஸீட்டில் மீரான், ஷம்ஸியா, நீலாம்பாள். முன் ஸீட்டில் பிள்ளை. சேரன்மகாதேவி தாண்டும் வரை மீரானின் மூச்சு மட்டும் பேசிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவை அது இழுக்கும்போதும் பிள்ளை கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தார். "பைய ஓட்டும்" என்று எப்போதும் சொல்கிறவர், அன்றைக்கு, "வெரசாப் போவும்வே, வெரசாப் போவும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் மீரானை நேராக டயாலிசிஸுக்குக் கொண்டு போனார்கள். பிள்ளைக்கு ரத்தம் எடுத்தார்கள். சின்னக் குழாயில் கொஞ்சம் ரத்தம், ஒரு டப்பாவில் கொஞ்சம் சிறுநீர். ஆறு மாசமாக அவர் ஓடி ஒளிந்தது இதற்குத்தான். சாயங்காலம் டாக்டர் சபீதா முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"கிரியேட்டினின் ரொம்ப ஏறியிருக்கு. பொட்டாசியம் அதைவிட பயமா இருக்கு. இன்னும் நாலு நாள் அந்த இளநீரைக் குடிச்சிருந்தீங்கன்னா நாம பேசிக்கிட்டு இருந்திருக்க மாட்டோம். உடனே டயாலிசிஸ் பண்ணணும்."

"ஒரு தடவை பண்ணினாச் சரியாயிருமா டாக்டர்?" என்றார் பிள்ளை.

"அப்பிடிச் சொல்ல முடியாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா, சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுப்படுத்தி, மாத்திரையிலயே ரொம்ப வருஷம் ஓட்டியிருக்கலாம். கெட்டுப்போன பாகம் திரும்ப வராது." டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முகம் வீங்கியிருக்கு, நுரை வந்திருக்கு, அரிப்பு, வாந்தி, மூச்சு முட்டல்... உடம்பு இத்தனை தடவை கத்தியிருக்கே. நீங்க யார்கிட்டயுமே சொல்லலையா?"

பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நீலாம்பாள் முந்திக்கொண்டாள்.

"ஊரு பூராச் சொன்னாவ டாக்டர். நாற்காலி போட்டு உக்காந்து சொன்னாவ. ரத்தம் எடுக்கவங்ககிட்ட மட்டும்தான் சொல்லல."

அன்று ராத்திரியே பிள்ளையின் கழுத்தில் குழாய் செருகி, மெஷினுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். அடுத்த கட்டிலில் மீரான். மூச்சு சீராகியிருந்தது. பிள்ளை அந்தப் பக்கம் தலையைத் திருப்ப ரொம்ப நேரம் பிடித்தது.

"தம்பி, நான் சொன்னதை நம்பித்தான நீங்க டயாலிசிஸை விட்டிய. என்னை மன்னிச்சிருங்க" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கப் பயமாக இருந்தது.

மீரான் கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்க ஆபீசர்னு நாங்க நம்புனோம் சார். ரெண்டு சாட்சி இருக்குன்னு நீங்க நம்புனிய. அந்தத் தண்ணியில காலு இல்லாமப் பொடியைப் போட்டுப் பாப்போம்னு இத்தனை நாளா ஒருத்தருக்கும் தோணல பாருங்க."

மெஷின் ரத்தத்தை வாங்கி, அலசி, திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் தேங்காய் உடைக்கவில்லை. கற்பூரம் காட்டவில்லை. அது பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

ஆகவே மகாஜனங்களே, கால் வீங்கினால், முகம் உப்பினால், சிறுநீர் நுரைத்தால், ஒரு குழாய் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அதில் சுவாரஸ்யம் போதாது, அற்புதம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. களக்காட்டுப் பக்கம் ஒருவர் தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டு இருதயத்தைப் பார்க்கிறாராம். கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. பஸ் வசதியும் உண்டு. தாராளமாகப் போகலாம். போகும்போது தலையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே அதற்கு வேலை இல்லை.